கார்புரேட்டர் ஜிப்சியில் எம்பிஎஃப்ஐ எஞ்சின்: வயரிங்கை முதல் வயரிலிருந்து செய்வது எப்படி

பழைய எஞ்சினை இறக்கி வேறு எஞ்சினை ஏற்ற எங்களுக்கு இரண்டு நாள்தான் ஆனது. வயரிங் முடிய ஆறு வாரம். அதில் உண்மையில் வயர் இழுத்த நேரத்தைக் கூட்டினால் நாலு நாள் தேறும். மீதியெல்லாம் நானே செய்த தப்பை நானே தேடிக்கொண்டிருந்த நேரம். நீங்கள் முதல்முறை செய்கிறீர்கள் என்றால் அந்த ஐந்து வாரத்தை மிச்சப்படுத்தத்தான் இந்தப் பதிவு.

வண்டி மாருதி ஜிப்சி. 1985இல் வந்தபோது அதில் 970 சிசி எஃப்10ஏ எஞ்சின், கார்புரேட்டர். 1996இல் ஜிப்சி கிங் என்று 1298 சிசி வந்தது, அதுவும் கார்புரேட்டர்தான். 2000 வாக்கில் அதே 1.3 லிட்டர் 16 வால்வு எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை) ஆகி, ஜி13பிபி என்ற பெயரில் சுமார் 80 குதிரைத்திறன் தந்தது. பழைய ஜிப்சிக்காரர்கள் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண். இரண்டுமே நீளவாக்கில் உட்காரும் சுசூகி எஞ்சின் என்பதால் ஆசை இன்னும் கூடுகிறது. மவுன்ட், கியர்பாக்ஸ், சைலன்சர் பற்றி இங்கே பேசப் போவதில்லை. எஞ்சின் உட்கார்ந்துவிட்டது, கீழே ஒரு மூட்டை வயர் கிடக்கிறது, அங்கிருந்து ஆரம்பிக்கிறோம்.

வாங்கும் முன்பே: ஆர்சி

எஞ்சின் நம்பர் ஆர்சி புக்கில் இருக்கிறது. அதனால் எஞ்சின் மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவுக்குள் வருகிறது. முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் பேசி அனுமதி வாங்குங்கள், பிறகு பணத்தைக் கொடுங்கள். எஞ்சினுக்கு பில் கேளுங்கள். பில் இல்லாத எஞ்சின் யாருடைய வண்டியிலிருந்து இறங்கியது என்று யாருக்குத் தெரியும்? அப்புறம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது

சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய பார்ட்ஸ் விற்கும் இடங்களில் எஞ்சினைக் கழற்றும்போது வயரை கட்டரால் நறுக்கென்று வெட்டிவிடுவார்கள். அவர்களுக்கு நேரம் முக்கியம். முன்கூட்டியே சொல்லிவைத்து, ஹார்னஸை (மொத்த வயர்க் கட்டை) வெட்டாமல் கப்ளர் கப்ளராகக் கழற்றி வாங்குங்கள். ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துவிடலாம். எஞ்சினோடு சேர்ந்தே வரவேண்டியவை: அதே வண்டியின் இசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்), முழு எஞ்சின் ஹார்னஸ், ரிலே (சிறு கரன்டால் பெரிய கரன்டை ஆன் செய்யும் சுவிட்ச்) பாக்ஸ், ஆக்சிஜன் சென்சார், ஆக்சிலரேட்டர் கேபிள், முடிந்தால் பம்ப்போடு பெட்ரோல் டேங்க். பின்னாளில் வந்த மாருதிகளில் ஐகேட்ஸ் என்ற இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) உண்டு. நீங்கள் பார்க்கும் வண்டியில் அது இருந்தால் அதன் பெட்டியும் சாவியும் கூடவே வரவேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் சரியாகச் செய்தும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, ஏன் என்றும் புரியாது.

இசியூவின் ஸ்டிக்கரை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருட மாடலின் சர்வீஸ் மேனுவலில் வயரிங் படம் இருக்கும். அதைப் பெரிதாகப் பிரின்ட் போட்டுக்கொள்ளுங்கள். வயர் நிறத்தை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். நமக்கு முன் எத்தனை கை அந்த வண்டியில் பட்டதோ!

ஒன்பது வயர்

ஹார்னஸைத் தரையில் விரித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நூற்றுக்குமேல் முனைகள். ஒரு வாரம் அதைத் தொடவே இல்லை. பிறகு பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் வயரிங் பார்க்கும் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுல முக்காவாசி எஞ்சினுக்கும் இசியூவுக்கும் உள்ள பேச்சு. உனக்கு அதுல வேலையே இல்ல" என்றார். அவர் சொன்னதுதான் முழு வேலையும். இன்ஜெக்டர், காயில், த்ராட்டில் சென்சார், டெம்பரேச்சர் சென்சார் எல்லாம் எஞ்சினிலிருந்து நேராக இசியூவுக்குப் போகின்றன. அந்தந்தக் கப்ளர் அந்தந்த இடத்தில்தான் மாட்டும். வெட்டாமல் வாங்கியிருந்தால் அங்கே உங்களுக்குக் கைவேலையே கிடையாது.

பழைய வண்டியோடு கைகோக்க வேண்டியவை இவ்வளவுதான்: பேட்டரியிலிருந்து நிரந்தர பிளஸ், சாவி போட்டால் வரும் பிளஸ், செல்ஃப் சிக்னல், எர்த், பெட்ரோல் பம்ப், செக் லைட் (எஞ்சின் கோளாறைக் காட்டும் விளக்கு), சார்ஜ் லைட், ஆயில் லைட், டெம்பரேச்சர் மீட்டர். மொத்தம் ஒன்பது.

படத்தைப் பார்த்து, மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இரண்டு முனையும் ஒரே வயர்தானா என்று காட்டும் நிலையில்) வைத்து, இந்த ஒன்பதையும் தேடிப் பிடித்து ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். ஏசி, பவர் ஸ்டியரிங் என்று உங்கள் வண்டியில் இல்லாதவற்றுக்கான வயர்களை இப்போது வெட்டாதீர்கள், சுருட்டிக் கட்டிவையுங்கள். வண்டி ஓடிய பிறகு வெட்டலாம்.

பல்பு வைத்த டெஸ்ட் லைட்டை இசியூ வயர்களில் வைக்கவே கூடாது. பல்பு இழுக்கும் கரன்டை உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் தாங்காது. மல்டிமீட்டர் மட்டும்.

எர்த்: இங்கேதான் உட்கார்ந்து வேலை செய்யவேண்டும்

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் மாட்டி முதல்முறை செல்ஃப் அடித்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம், எஞ்சின் அரைச்சுற்று சுற்றி நின்றது, டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து புகை. பதறிப்போய் பேட்டரியைக் கழற்றினேன். தேடிப் பார்த்தால் எரிந்தது வயரே இல்லை, ஆக்சிலரேட்டர் கேபிள்! எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் தடித்த எர்த் பட்டையை நான் மாட்டவே இல்லை. எஞ்சின் ரப்பர் மவுன்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரன்ட் பாயாது. நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் செல்ஃப் மோட்டாருக்கு எப்படியாவது மைனஸுக்குத் திரும்பிப் போகவேண்டும். கிடைத்த ஒரே வழி அந்தக் கேபிளின் கம்பி.

ஆக, மூன்று எர்த் தனித்தனியாகப் போடுங்கள். ஒன்று, பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்குக்கு, செல்ஃப் மோட்டாருக்குப் பக்கத்தில். இரண்டு, பிளாக்கிலிருந்து சேசிஸுக்கும் பாடிக்கும். மூன்று, இசியூவின் எர்த் வயர்கள். எஞ்சினில் கம்பெனி எங்கே மாட்டியிருந்ததோ அதே போல்ட்டில். அவற்றை இழுத்துக்கொண்டு வந்து டேஷ்போர்டு ஸ்க்ரூவில் மாட்டும் புத்தி எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. வேண்டாம். சென்சார்கள் 5 வோல்ட்டுக்குள் பேசுகின்றன. எர்த்தில் அரை வோல்ட் ஏறினாலே இசியூ தப்பாகப் படிக்கும்.

மாட்டும் இடத்தில் பெயின்டையும் துருவையும் எமரி பேப்பரால் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு லக்கை (வயர் முனையில் இருக்கும் வளையத்தை) வைத்து முறுக்குங்கள். மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். சோதிக்க: மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் மறுபடியும் சுரண்டுங்கள்.

பிளஸ், அப்புறம் சாவி

நிரந்தர பிளஸை பேட்டரியிலிருந்து எடுக்கிறீர்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்கட்டும். அதற்கு முன்னால் வயர் எங்காவது உரசினால் காப்பாற்ற எதுவும் இல்லை. எஞ்சின் இறங்கிய வண்டியின் ரிலே பாக்ஸ் கிடைத்திருந்தால் மெயின் ரிலே, ஃபியூஸ் எல்லாம் அதிலேயே இருக்கும். அப்படியே தூக்கிவைப்பதுதான் புத்திசாலித்தனம்.

சாவி பிளஸ்ஸில் ஒரு சிக்கல் உண்டு. பழைய சுவிட்சுகளில் சில வயர்களில் சாவி ஆனில் 12 வோல்ட் வரும், செல்ஃப் அடிக்கும்போது மட்டும் போய்விடும். அந்த வயரை இசியூவுக்குக் கொடுத்தால் எஞ்சின் சுற்றும், பற்றவே பற்றாது. சாவியை விடும் அந்த நொடியில் மட்டும் ஒரு இருமல் இருமும். எனக்கு இதில் ஒரு வாரம் போனது. ஆகவே சுவிட்சின் பின்னால் மீட்டரை வைத்து, ஆனிலும் செல்ஃபிலும் இரண்டிலும் பிளஸ் நிற்கும் வயரைக் கண்டுபிடியுங்கள். பழைய காயிலுக்குப் போன வயரை எடுப்பதாக இருந்தால் வழியில் ரெசிஸ்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் லோடு ஏறியதும் வோல்ட் விழும், இசியூவுக்கு அது உதவாது.

முப்பது வருடப் பழைய சுவிட்சின்மேல் புதுச் சுமை ஏற்றாதீர்கள். ரிலே போடுங்கள். ரிலேயின் அடியில் நம்பர் இருக்கும்: 30க்கு ஃபியூஸ் வழியாக பேட்டரி பிளஸ், 87இலிருந்து வேலை செய்யவேண்டிய பொருளுக்கு, 86க்கு சாவி பிளஸ், 85க்கு எர்த். சுவிட்ச் இனி ரிலே காயிலுக்கு மட்டும் கரன்ட் கொடுக்கிறது; அது கால் ஆம்பியர்கூட வராது.

பெட்ரோல் பம்ப்

கார்புரேட்டருக்கு இருந்த மெக்கானிக்கல் பம்ப் கால் கிலோ பிரஷர் கொடுத்தால் அதிகம். எம்பிஎஃப்ஐக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ வேண்டும். பழைய பெட்ரோல் டியூபை அப்படியே விட்டால் வெடித்து, சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் பீய்ச்சும். இன்ஜெக்‌ஷனுக்கு என்றே விற்கும் டியூபும் கிளாம்ப்பும் வாங்குங்கள். இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

வயரிங்கில் செய்யக்கூடாத ஒன்று: பம்ப்பை நேராகச் சாவி பிளஸ்ஸில் கொடுப்பது. ஓடும், நன்றாகவே ஓடும். ஆனால் வண்டி கவிழ்ந்து எஞ்சின் நின்றாலும் பம்ப் நிற்காமல் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பம்ப் ரிலேயை இசியூதான் இயக்கவேண்டும். சாவி போட்டதும் இரண்டு மூன்று நொடி ஓட்டி நிறுத்தும். எஞ்சின் சுற்றுகிறது என்று தெரிந்தால்தான் மறுபடி ஓட்டும். பம்ப்புக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ், பின்னால் டேங்க் வரை குறைந்தது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர், எர்த்தும் அதே தடிமனில்.

மீட்டர் லைட்டுகள்

இது சுலபம். செக் லைட்டின் ஒரு கால் சாவி பிளஸ்ஸில், மறுகால் இசியூவுக்கு. இசியூ எர்த் கொடுத்து எரியவைக்கும். ஆயில் லைட்டும் இதே மாதிரி, ஆயில் சுவிட்ச் எர்த் கொடுக்கும். சார்ஜ் லைட்டை "சும்மா ஒரு பல்புதானே" என்று விடாதீர்கள்: பல ஆல்டர்னேட்டர்கள் அந்தப் பல்பு வழியே வரும் கரன்டில்தான் விழித்துக்கொள்கின்றன. டெம்பரேச்சர் மீட்டருக்குப் பழைய எஞ்சினின் ஒற்றை வயர் செண்டரை (மீட்டருக்கு அளவு அனுப்பும் சென்சாரை) தனியாக மாட்டுங்கள். இசியூவின் இரட்டை வயர் சென்சாரிலிருந்து கிளை எடுத்தால் மீட்டரும் பொய் சொல்லும், இசியூவும் குழம்பும்.

இழுப்பதும் இணைப்பதும்

இசியூ கேபினுக்குள், டேஷ்போர்டின் அடியில், உயரமான இடத்தில் இருக்கட்டும். ஜிப்சியை யாரும் தண்ணீர் பார்த்தால் நிறுத்துவதில்லை. ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில்) துளை போட்டால் ரப்பர் கிராமெட் கட்டாயம். கிராங்க், கேம் சென்சார் வயர்களை பிளக் வயரோடும் ஆல்டர்னேட்டர் வயரோடும் சேர்த்துக் கட்டாதீர்கள். அவற்றின்மேல் இருக்கும் வலை உறையை நீட்டவேண்டி வந்தால் எர்த் ஒரு முனையில் மட்டும்.

முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் எஞ்சின் சூட்டில் ஒரே கோடையில் பிசுபிசுத்து அவிழும். நல்ல கிரிம்பிங் பிளேயர் (வயர் முனைகளை நசுக்கி இணைக்கும் குறடு) வாங்கி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். எல்லா ஜாயின்ட்டையும் ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இன்ச் முன்பின்னாகத் தள்ளிவைத்தால் ஹார்னஸ் பாம்பு எலியை விழுங்கியது மாதிரி புடைக்காது. வண்டியில் எங்காவது வெல்டிங் வைக்கவேண்டி வந்தால் முதலில் இசியூ கப்ளரைக் கழற்றிவிடுங்கள்.

முதல் சாவி

பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். இசியூவை மாட்டாமல் பேட்டரியை இணைத்து, சாவியை ஆன் செய்து, இசியூ கப்ளரில் பிளஸ் வரவேண்டிய பின்களில் மட்டும் பிளஸ் வருகிறதா என்று படத்தோடு ஒப்பிடுங்கள். சரி என்றால் சாவியை ஆஃப் செய்து, பேட்டரியைக் கழற்றி, இசியூவை மாட்டி, மறுபடி இணைத்து சாவி ஆன். செக் லைட் எரியவேண்டும், பின்னால் பம்ப் இரண்டு நொடி முனகி நிற்கவேண்டும். இந்த இரண்டும் நடந்தால் பாதிக்கிணறு தாண்டிவிட்டீர்கள். பெட்ரோல் எங்காவது கசிகிறதா பார்த்துவிட்டு செல்ஃப் அடியுங்கள்.

சுற்றுகிறது, பற்றவில்லை என்றால் பதறவேண்டாம். சுசூகியின் பழைய எம்பிஎஃப்ஐகளில் டயக்னாசிஸ் கப்ளரில், மேனுவல் சொல்லும் பின்னை எர்த்தோடு இணைத்தால் செக் லைட் மின்னி மின்னிக் கோளாறு எண்ணைச் சொல்லும். ஒரு மின்னல், இடைவெளி, இரண்டு மின்னல் என்றால் 12, கோளாறு இல்லை. வேறு எண் வந்தால் அந்த சென்சாரைப் பாருங்கள். எனக்கு வந்தது கூலன்ட் சென்சார். எஞ்சின் ஆறியிருக்கும்போது இரண்டு மூன்று கிலோ ஓம் காட்டவேண்டியது முடிவிலி காட்டியது. சென்சார் கெடவில்லை, கப்ளரின் ஒரு பின் உள்ளே தள்ளிப்போயிருந்தது. குண்டூசியால் முன்னே இழுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஸ்டார்ட் ஆனதும் வரும் சந்தோஷத்தில் அன்று இரவே ஹார்னஸ் முழுக்க டேப் சுற்றி அழகுபார்க்கத் தோன்றும். ஒரு மாதம் போகட்டும். மாஸ்கிங் டேப் பெயர்களோடு, அங்கங்கே கேபிள் டை மட்டும் போட்டு, மழையிலும் மண்பாதையிலும் 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள். என் வண்டியில் சார்ஜ் லைட் வயர் 300ஆவது கிலோமீட்டரில்தான் மேனிஃபோல்டில் பட்டு உருகியது.