ஒரு ராத்திரி உறவு: கவுன்சிலிங் அறையில் திரும்பத் திரும்பக் கேட்கும் தவறுகள்

பாலியல் நலக் கவுன்சிலிங் வேலையில் எனக்குத் திங்கட்கிழமைதான் நெருக்கடியான நாள். டேட்டிங் ஆப்பில் பழக்கமான யாரையோ சனிக்கிழமை சந்தித்து, ஞாயிறு முழுக்க கூகுளில் தேடிக் களைத்து, திங்கள் காலை முகம் வெளிறி வருகிறவர்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள், வேலைக்காகச் சென்னை வந்து ஓஎம்ஆர் பக்கம் பிஜியில் தங்கியிருப்பவர்கள். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் லாரி டிரைவர்களிடமும் விடுதி மாணவர்களிடமும் கேட்ட அதே தவறுகளை, இப்போது விலை உயர்ந்த போன் வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன்.

ஆணுறை போடுங்கள், முதல் சந்திப்பு நாலு பேர் இருக்கும் இடத்தில் இருக்கட்டும் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் யாருமில்லை. இப்படி உறவு வைத்துக்கொள்வது சரியா தப்பா என்ற பஞ்சாயத்தும் என் வேலை கிடையாது. அதற்கு வீட்டில் பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் இருக்கிறார்கள்.

மறுநாள் காலை டெஸ்ட் எடுத்து நிம்மதியாவது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எத்தனை வருஷமானாலும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இது.

ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது போடவே இல்லை. விடிந்ததும் பயம் பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் உள்ள லேபுக்குப் போய் ஹெச்ஐவி டெஸ்ட் எடுக்கிறார்கள். சாயங்காலம் வாட்ஸ்ஆப்பில் ரிசல்ட் வருகிறது: நெகட்டிவ். அப்பாடா என்று பிரியாணி ஆர்டர் செய்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள்.

அந்த ரிசல்ட் பழைய கதையைத்தான் சொல்கிறது. சில வாரங்களுக்கு முன்புவரை தொற்று இருந்ததா என்பது அதில் தெரியும். நேற்று ராத்திரி நடந்ததைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. கிருமி உடம்புக்குள் போனாலும், டெஸ்ட் கண்டுபிடிக்கும் அளவுக்கு அதன் அடையாளங்கள் ரத்தத்தில் சேர நாள் பிடிக்கும். கை நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கே 18 முதல் 45 நாள் ஆகும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் சாதாரண ரேபிட் டெஸ்ட் என்றால் 23 முதல் 90 நாள் வரைகூட ஆகலாம். ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுக்கும் வைரஸ் மரபணுச் சோதனைக்கும் குறைந்தது பத்து நாளாவது வேண்டும். மறுநாளே காட்டிக்கொடுக்கும் டெஸ்ட் உலகத்திலேயே இல்லை.

சரி, டெஸ்ட் வீணாகப் போனால் சில நூறு ரூபாய்தானே நஷ்டம்? இல்லை. அந்தப் பொய் நிம்மதியில் கைவிட்டுப் போவது 72 மணி நேரம்.

பெப் என்ற சிகிச்சை ஒன்று இருக்கிறது. தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்ற சூழ்நிலைக்குப் பிறகு, 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை. ஹெச்ஐவி உள்ளவர்கள் தினமும் சாப்பிடும் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் கூட்டு மருந்தைத்தான் இதற்கும் தருகிறார்கள். கிருமி உள்ளே நுழைந்த உடனே உடம்பு முழுக்கப் பரவிவிடாது. அது பெருகி வேரூன்றுவதற்குள் மருந்து போய் வழியை அடைக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. முதல் சில மணி நேரத்தில் தொடங்குவது உத்தமம், இரண்டாம் நாள் பரவாயில்லை, மூன்றாம் நாள் முடிந்துவிட்டால் டாக்டர் தொடங்கமாட்டார். தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை உண்டு. அந்த முதல் நாள் டெஸ்ட்டுக்கு இருக்கும் ஒரே உருப்படியான வேலை அதுதான், அதுவரை உங்கள் நிலை என்ன என்று பதிவு செய்து வைப்பது.

சில வருஷம் முன்னால் ஒரு பையன் வந்தான். ஐடி வேலை, ஊர் மதுரைப் பக்கம். சம்பவம் சனிக்கிழமை ராத்திரி. ஞாயிற்றுக்கிழமை காலையே ஒரு தனியார் லேபுக்குப் போய் முழு பேக்கேஜ் எடுத்திருக்கிறான், கொழுப்பு, சர்க்கரை, தைராய்டு உட்பட. என்னிடம் வந்தது வியாழக்கிழமை மாலை. அதுவும் நண்பன் கட்டாயப்படுத்தியதால்.

"ஏன் தம்பி, ஞாயித்துக்கிழமையே டாக்டர்கிட்ட போயிருக்கலாமே?"

"அதான் டெஸ்ட் எடுத்துட்டேனே மேடம். நெகட்டிவ்னு வந்துச்சு."

ரத்தம் எடுத்தவர், "எப்ப நடந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. பணம் வாங்கினார்கள், ரிசல்ட் அனுப்பினார்கள், கீழே தள்ளுபடிக் கூப்பனும் அனுப்பினார்கள். இவனும் சொல்லவில்லை. பக்கத்தில் ஆள் இருந்ததாம், கூச்சமாக இருந்ததாம். மூன்று மாதம் அந்தப் பையன் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் அவனுக்கு ஒன்றும் இல்லை என்று ஆனது. அப்படி முடியாத கதைகளும் என்னிடம் உண்டு, அவற்றை இங்கே எழுத மனமில்லை.

கவனித்துப் பார்த்தால், அந்த 72 மணி நேரத்தைத் தின்பது அறியாமையைவிட வெட்கம்தான். இந்தியாவில் ஹெச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1986-ல் இதே சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எடுத்த ஆய்வில்தான். அப்படிப்பட்ட ஊரில், ஒரு பட்டதாரிக்கு டாக்டரிடம் "ஆணுறை கிழிஞ்சிடுச்சு சார்" என்று சொல்ல இன்றும் நாக்கு எழவில்லை. சில டாக்டர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மருந்துச் சீட்டுக்குப் பதிலாக நல்லொழுக்க வகுப்பு எடுத்து அனுப்பியதை நேரடியாகக் கேட்டிருக்கிறேன். அப்படி ஒருவர் மாட்டினால் வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள். எழுந்து அடுத்த டாக்டரிடம் போங்கள். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கே போவது? பெரிய அரசு மருத்துவமனைகளில் ஹெச்ஐவி சிகிச்சை தரும் ஏஆர்டி மையம் இருக்கிறது. அங்கே இருக்கும் பெப் மருந்து முக்கியமாக ஊசி குத்திக்கொண்ட மருத்துவப் பணியாளர்களுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் என்று வைத்திருப்பது. மற்றவர்களுக்குத் தருவது அங்குள்ள மருத்துவரின் முடிவைப் பொறுத்தது. கிடைக்காவிட்டால் தொற்றுநோய் மருத்துவர் ஒருவரிடம் சீட்டு வாங்கி வெளியே வாங்க வேண்டும். எங்கே என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணைக் கூப்பிடுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

முத்தம், கட்டிப்பிடிப்பது, ஒரே கிளாஸில் குடிப்பது இதற்கெல்லாம் பெப் கேட்டு ஓட வேண்டாம். எது ஆபத்து, எது இல்லை என்று டாக்டர் கேட்டு முடிவு செய்வார். அதற்கு நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும்.

28 நாள் முடிந்த பிறகும் ஆறாவது வாரம், மூன்றாவது மாதம் என்று டாக்டர் சொல்லும் நாட்களில் டெஸ்ட் எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இது இலவசம். உங்கள் சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ 2017-ல் வந்த ஹெச்ஐவி சட்டம் பொதுவாக இடம் கொடுக்காது.

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். மூன்று மாதமும் தாண்டி, எல்லா டெஸ்ட்டும் நெகட்டிவ் வந்த பிறகும் மாதா மாதம் லேபுக்குப் போகிறவர்கள். அவர்களை உறுத்துவது கிருமி கிடையாது, குற்ற உணர்ச்சி. அதற்கு ரத்தம் எடுத்துப் பயனில்லை. மனநல ஆலோசகரிடம் போவது நல்லது.

அடிக்கடி புதியவர்களைச் சந்திப்பவர் என்றால், ஒவ்வொரு முறையும் பதறுவதற்குப் பதில், முன்கூட்டியே சாப்பிடும் ப்ரெப் மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

மாத்திரை எந்தக் கடையிலும் கிடைக்கும் என்று நம்புவது

அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் 72 மணி நேரக் கணக்குதான். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனால் தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகளில் இதைக் கேட்டால், "இல்லை" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நாலு கடை ஏறி இறங்குவதிலேயே ஒரு நாள் போய்விடும். பெங்களூரு போகும் தோழியிடம் சொல்லி வாங்கி வைத்திருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். புத்திசாலிகள்.

கிடைக்காவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் நேராகப் போங்கள். ஐந்து நாளுக்குள் என்றால் காப்பர்-டி பொருத்தலாம், மாத்திரையைவிட அது நிச்சயமானது. அரசு மருத்துவமனையின் குடும்ப நலப் பிரிவிலும் செய்வார்கள்.

மாத்திரை கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஏற்கனவே தங்கிய கருவைக் கலைக்காது. சாப்பிட்ட பிறகு அடுத்து வரும் உறவுகளுக்கும் பாதுகாப்பு தராது. மூன்று வாரமாகியும் மாதவிலக்கு வரவில்லை என்றால் டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். கரு தங்கியிருந்தாலும், கல்யாணமாகாதவர் என்பதற்காக மருத்துவமனை திருப்பி அனுப்பக் கூடாது. 2021-ல் திருத்திய கருக்கலைப்புச் சட்டமும், 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் இதைத் தெளிவாக்கிவிட்டன. "புருஷன் கையெழுத்து வேண்டும்" என்று யாராவது சொன்னால் அது சட்டத்தில் இல்லாத நிபந்தனை. பதினெட்டு வயது ஆன பெண்ணுக்கு அவள் சம்மதம் போதும்.

புண் தானாக ஆறிவிட்டது என்று விட்டுவிடுவது

சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் அப்படித்தான் ஏமாற்றும். பெரும்பாலும் மூன்று வாரம் கழித்து வலியே இல்லாத ஒரு புண் வரும், சில வாரங்களில் தானாக மறையும். கிருமி உள்ளேயே இருக்கும். ஆரம்பத்தில் பிடித்தால் பெனிசிலின் ஊசி ஒன்றே போதும். மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் களிம்பு எதற்கும் உதவாது. கிளமிடியா என்ற இன்னொரு பால்வினை நோயில் பல பெண்களுக்கு ஒரு அறிகுறியும் தெரியாது, பிற்பாடு குழந்தை நிற்கவில்லை என்று போகும்போதுதான் விஷயம் வெளிவரும். ஹெச்ஐவிக்கு மட்டும் பயந்து, மற்றதை எல்லாம் மறந்துவிடுகிறார்கள்.

தேங்காய் எண்ணெய்

ஆணுறையைப் பொத்தலாக்கும். தண்ணீர் அல்லது சிலிக்கான் கலந்த ஜெல் வாங்குங்கள்.

கல்யாணப் பேச்சை நடுவில் இழுப்பது

சும்மா பழகுவது என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் அதைச் சொல்லிவிட்டுப் பழகுங்கள். எதிராளியைச் சம்மதிக்க வைக்க, "அம்மாகிட்ட சொல்லிட்டேன், தை மாசம் பேசலாம்" என்று அளந்துவிடும் ஆண்கள் நிறைய. அது வெறும் அசிங்கம் மட்டுமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-வது பிரிவுப்படி, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் திருமண வாக்குறுதி கொடுத்து ஒரு பெண்ணுடன் உறவு கொண்டால் பத்தாண்டு வரை சிறை. உண்மையாகவே காதலித்துப் பிறகு பிரிவது வேறு. முதலிலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும், அங்கே நீங்கள் அனுப்பிய வாட்ஸ்ஆப் மெசேஜ்தான் சாட்சி.

லாட்ஜில் பொய்ப் பெயர் கொடுப்பது

தேவையே இல்லை. கல்யாணமாகாத இரண்டு பெரியவர்கள் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019-ல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. பொய் அடையாள அட்டை கொடுத்தால்தான் வம்பு.

மிரட்டினால் பணம் அனுப்புவது

முதல் பத்தாயிரம் அனுப்பினால் அடுத்த நாள் முப்பதாயிரம் கேட்பான். வீடியோ காலைப் பதிவு செய்து மிரட்டுவதும், ஆண்களுக்கான ஆப்பில் பழகி அறைக்கு வரவழைத்து, கூட நாலு பேரோடு வந்து பறிப்பதும் இப்போது தொழிலாகவே நடக்கிறது. பணம் அனுப்பாதீர்கள், சாட் மெசேஜ்களை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். ஆணும் ஆணும் என்பதால் போலீஸுக்குப் போக முடியாது என்று பலர் வாய்மூடி இருக்கிறார்கள். 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு பெரியவர்கள் சம்மதத்தோடு செய்வது குற்றமே இல்லை. மிரட்டுகிறவன்தான் குற்றவாளி.

நிதானமில்லாதவரின் சம்மதம்

சம்மதமே கிடையாது. வண்டி பிடித்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

பதினெட்டுக்குக் கீழே

சிறாரைப் பாதுகாக்கும் போக்ஸோ சட்டம் பாயும். விளக்கம் கேட்காதீர்கள்.

தனக்கு மட்டும் மருந்து வாங்கிக்கொள்வது

கொனோரியாவோ சிஃபிலிஸோ உறுதியானால், சமீபத்தில் உறவு வைத்துக்கொண்டவரிடமும் சொல்ல வேண்டும். பலர் நம்பரை பிளாக் செய்துவிட்டு ஊசி போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். பிறகு அதே ஆளிடம் திரும்பப் போய், அதே நோயோடு என்னிடம் திரும்ப வருகிறார்கள். நேரில் பேசக் கூச்சமாக இருந்தால் நாலு வரி போதும்: "எனக்கு டெஸ்ட்ல இது வந்திருக்கு. நீங்களும் பாத்துக்கங்க. அரசு ஆஸ்பத்திரி பால்வினை நோய்ப் பிரிவுல இலவசம்." அவர் கோபப்படலாம், திட்டலாம். டாக்டர் உங்களுக்குக் கொடுத்த சீட்டில் நோயின் பெயரும் தேதியும் இருக்கும். உங்கள் பெயரை மறைத்து அந்தப் பகுதியை மட்டும் போட்டோ எடுத்துக் கூட அனுப்புங்கள், அவருடைய டாக்டருக்கு உதவும்.