சீல் வாங்கும் முன் பைப்பைத் தடவிப் பாருங்கள்

தருவைகுளம் பக்கத்து உப்பளம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அப்பா ஓட்டிய 2004 ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் பிளஸ்தான் இன்றும் எனக்கு வண்டி. எங்கள் உப்பளத்து வாசலில் நிற்கும் எந்தப் பழைய வண்டியைப் பார்த்தாலும் முன் ஃபோர்க்கின், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கிக் குலுக்கலை வாங்கும் இரண்டு கால்களின் பைப்பில் உப்புக்காற்று குத்திய புள்ளிகள் தெரியும். என் வண்டிக்கு ஆறு மாதத்தில் இரண்டு முறை ஆயில் சீல் (ஃபோர்க்கின் உள்ளே இருக்கும் எண்ணெய் வழியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றினார் ஒரு மெக்கானிக். இரண்டு முறையும் எண்ணெய் வழிந்தது. மூன்றாம் முறை நானே கழற்றினேன். குற்றம் சீலில் இல்லை. இடப்பக்கப் பைப்பில் கடுகைவிடச் சிறிய மூன்று துருக்குழிகள். வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் அவை சீலின் உதட்டை அறுத்துக்கொண்டிருந்தன.

ஆகவே கடைக்குப் போகும் முன், பைப்பைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தை மேலும் கீழுமாக ஓட்டுங்கள். நகம் தட்டுகிற இடத்தில் பேனாவால் குறி வையுங்கள். பிறகு பைப்பைச் சுற்றி மெல்லிய நைலான் டை ஒன்றை டஸ்ட் சீலுக்கு (ஆயில் சீலுக்கு மேலே தூசியைத் தடுக்கும் ரப்பர் மூடிக்கு) மேல் மாட்டி, வழக்கமாகப் போகும் சாலையில் ஒரு நாள் ஓட்டுங்கள். டை எதுவரை தள்ளப்பட்டிருக்கிறதோ அதுவரைதான் சீல் ஏறி இறங்குகிறது. குழி அதற்கு மேலே இருந்தால் கவலை இல்லை. உள்ளே இருந்தால் புது சீல் வாங்கும் பணம் வீண்தான். லேசான புள்ளிகளை 1000, பிறகு 2000 எண் நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால்) தேய்க்கலாம். பைப்பைச் சுற்றியே தேய்க்க வேண்டும். நீளவாக்கில் விழும் கீறல் எண்ணெய்க்கு வாய்க்கால் வெட்டியது போலாகும். ஆழமான குழிக்குப் புதுப் பைப்தான். கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் ஹார்டு குரோம் பூசித் தருகிறார்கள். ஆனால் இவ்வளவு சின்ன வண்டிக்கு நான் புதுப் பைப்பையே தேர்ந்தெடுப்பேன்.

இனி கழற்றல். மேல் மூடி போல்ட்டையும் அடியில் உள்ள ஆலன் போல்ட்டையும் ஃபோர்க் வண்டியில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் ஆலன் போல்ட் எளிதாகத் திரும்பும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் பைப்புக்குள் அந்த போல்ட் பிடித்திருக்கும் சிறிய உள்குழாயும் சேர்ந்து சுற்றும், போல்ட் வராது. டஸ்ட் சீலுக்குக் கீழே ஆயில் சீலைப் பிடித்திருக்கும் கம்பி வளையமான சர்க்கிளிப் கடலோர வண்டிகளில் துருவோடு ஒட்டியிருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி வைத்துவிடுங்கள். திருப்புளியால் நெம்பினால் பைப் இறங்கும் அலுமினியக் கீழ்க்குழாயான பாட்டம் கேஸின் வாய் கீறிவிடும்.

பழைய எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மின்னினால் உள்ளே உலோகம் தேய்கிறது. பால் கலந்த தேநீர்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, டஸ்ட் சீல் கிழிந்திருக்கும். ஸ்பிரிங்கின் நீளத்தை அளந்து உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எல்லையோடு ஒப்பிடுங்கள். இரண்டில் ஒன்று குட்டையாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நெருக்கமான சுற்றுகள் எந்தப் பக்கம் இருந்தன என்பதைக் கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள். பைப் வளைந்திருக்கிறதா என்பதைத் தடித்த கண்ணாடித் தட்டின்மேல் உருட்டிப் பார்த்தாலே தெரியும்.

பிறகுதான் பட்டியல். இரண்டு பக்கத்துக்கும் ஆயில் சீல், டஸ்ட் சீல், சர்க்கிளிப், ஆலன் போல்ட்டின் செம்பு வாஷர், மேல் மூடியின் ஓ-ரிங், உள்குழாயில் இருக்கும் பிஸ்டன் ரிங். சில வண்டிகளில் தனியாக புஷ் (பைப் வழுக்கி நகர உதவும் உலோக வளையம்) உண்டு. அதன் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் அதையும் சேருங்கள். செம்பு வாஷரைச் சல்லிக் காசு என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அது இல்லாமல் மொத்த வேலையையும் மறுபடி செய்ய நேரும்.

கடையில் வண்டியின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஹோண்டா எண்முறையில் 51490 என்று தொடங்குவது ஃபோர்க் சீல் தொகுப்பு, 51410 பைப், 51401 ஸ்பிரிங். அடுத்து வரும் மூன்று எழுத்துகள் மாடலைக் குறிக்கும். எண் கிடைக்காவிட்டால் பழைய சீலைக் கையோடு கொண்டுபோங்கள். அதன்மேல் 35×48×11 என்பதுபோல் மூன்று எண்கள் பதிந்திருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், உயரம். மூன்றும் அப்படியே பொருந்த வேண்டும். புது சீலின் உதட்டைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங் இருக்கிறதா, விளிம்பு பிசிறில்லாமல் இருக்கிறதா என்று கடை வாசல் வெளிச்சத்திலேயே பாருங்கள்.

மாட்டும்போது பைப்பின் மேல் முனையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, எண்ணெய் தடவி சீலை இறக்குங்கள். எண்கள் மேலே பார்க்க வேண்டும். பழைய சீலை அதன்மேல் வைத்து, பொருத்தமான பி.வி.சி. குழாயால் சுற்றிலும் சமமாகத் தட்டினால் கோணாமல் இறங்கும். சர்க்கிளிப் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

எண்ணெயில் கஞ்சத்தனம் வேண்டாம். மிச்சமிருக்கும் எஞ்சின் ஆயிலை ஊற்றும் பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. ஃபோர்க்கின் உள்ளே சிறு துளைகளின் வழியே எண்ணெய் புகுந்து வரும் தடையால்தான் குலுக்கல் அடங்குகிறது. கெட்டியான எண்ணெய் அந்தத் துளைகளில் திணறும், ஃபோர்க் கட்டைபோல் நிற்கும். கையேடு சொல்லும் தரத்தில், சொல்லும் மில்லி அளவில் ஊற்றுங்கள். ஸ்பிரிங் போடும் முன் பைப்பைப் பத்து முறை மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு, முழுதாக இறக்கிய நிலையில் மேலிருந்து எண்ணெய் மட்டத்தை அளவுகோலால் அளந்து இரண்டையும் சமமாக்குங்கள்.

ஃபோர்க்கைப் பிடிக்கும் போல்ட்டுகளை முறுக்கிவிட்டுச் சக்கரத்தை மாட்டுங்கள், அச்சு நட்டை மட்டும் உடனே முழுதாக முறுக்கிவிடாதீர்கள். ஸ்டாண்டிலிருந்து இறக்கி, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை ஆறேழு முறை அழுத்துங்கள். இரண்டு காலும் தத்தம் இடத்தில் நேராக அமரும். அதன்பிறகு அச்சு நட்டை முறுக்குங்கள்.