எப்பாவல பொசுபேற்று: துணிக்கை சிறுத்தால் கரைவது கூடுமா? வீட்டிலேயே சோதிக்கலாம்

பசளைக் கடையில் ‘ஈஆர்பி’ (எப்பாவல ரொக் பொஸ்பேற்) என்று கேட்டால் கிடைப்பது, அனுராதபுர மாவட்டத்து எப்பாவலவில் தோண்டி அரைத்த அப்பத்தைற்று என்னும் பொசுபேற்றுக் கனிமப் பாறையின் தூள். 1971இல் கண்டறியப்பட்ட படிவு அது. தேயிலை, இறப்பர், தென்னை என நின்று விளையும் பயிர்களுக்குப் போடுவார்கள். “அது கரையாது, காசு வீண்” என்பவர்களும் உண்டு. தண்ணீரில் கரையாது என்பது சரிதான். சித்திரிக்கமிலம் போன்ற மென்னமிலத்தில் எவ்வளவு விரைவாகக் கரையும் என்பதைத் துணிக்கையின் பருமனே பெருமளவு தீர்மானிக்கிறது. கொழும்பு ஃபிளாட்டின் குசினி மேசையே இதைப் பார்க்கப் போதும்.

சித்திரிக்கமிலம், 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, வடிதாள், ஊசியில்லாத 1 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஆகியவற்றைப் புறக்கோட்டையில் தேடலாம். பொசுபேற்று டெஸ்ட் கிட்டை அலங்கார மீன் கடையில் கேளுங்கள். பற்றரி வோட்டரும் (காய்ச்சி வடித்த நீர்) வேண்டும். அமிலம் கலந்த போத்தலைத் தூக்கி வந்துவிடாதீர்கள். தூள் மூக்கில் ஏறும், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: பருமன் பிரித்தல்

உயரமான கண்ணாடி ஜாரில் 1 லீற்றர் தண்ணீரும் 10 கிராம் தூளும் போட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விடுங்கள். துணிக்கைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அது. ஆய்வுகூடங்களில் இதற்கு வழக்கமாகப் போடுவது சோடியம் எக்சாமெற்றாபொசுபேற்று. அதுவே ஒரு பொசுபரசுச் சேர்வை. இங்கே போட்டால் அளக்க வந்ததையே கலந்துவிட்ட கதைதான்.

நீர்மட்டத்திலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே ஒரு கோடு போட்டு, நன்றாகக் கலக்கி, 3 நிமிடம் விடுங்கள். துணிக்கை அமிழும் வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமம். ஸ்டோக்ஸ் விதி சொல்வது இதைத்தான். அப்பத்தைற்றின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 3.2 மடங்கு. கணக்குப் போட்டால் நம் ஊர் வெப்பநிலையில் 20 மைக்ரோமீற்றர் துணிக்கை அந்த 10 சென்ரிமீற்றரைக் கடக்க சுமார் 3 நிமிடம் எடுக்கும். 75 மைக்ரோமீற்றருக்குப் பதின்மூன்று செக்கன் போதும். ஆகவே 3 நிமிடம் கழித்துக் கோட்டுக்கு மேலே மிதப்பவை 20 மைக்ரோமீற்றருக்கும் சிறியவை. மீன்தொட்டிக் காற்றுக் குழாயால் அந்த நீரை வேறு பாத்திரத்துக்கு இழுத்துவிடுங்கள். மீண்டும் பழைய நீர்மட்டம் வரை தண்ணீர் நிரப்பி, கலக்கி, 3 நிமிடம் விட்டு இழுங்கள். மேல்நீர் தெளியும் வரை இதுதான் வேலை.

அப்புறம் ஜாரில் மிஞ்சியதைக் கலக்கி, 15 செக்கன் விட்டு, மேல்நீரை ஊற்றிவிடுங்கள். இதையும் சில தடவை செய்தால் அடியில் தங்குவது பெரும்பாலும் 75 மைக்ரோமீற்றருக்கு மேற்பட்ட பரும்படித் தூள். இழுத்தெடுத்த நீரை இரவு முழுக்க வைத்தால் நுண்தூள் அடியில் படியும். இரண்டையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். ஒவ்வொன்றிலும் 1 கிராம் தேறாவிட்டால் இன்னொரு 10 கிராமோடு தொடங்க வேண்டியதுதான்.

படி 2: கரைத்தல்

100 மில்லிலீற்றர் பற்றரி வோட்டருக்கு 2 கிராம் சித்திரிக்கமிலம். இப்படி இரண்டு போத்தல். ஒன்றில் நுண்தூள் 1 கிராம், மற்றதில் பரும்படித் தூள் 1 கிராம். 30 நிமிடம் விடாமல் குலுக்குங்கள். பாறைப் பொசுபேற்றைச் சோதிக்கும் வழக்கமான அளவும் நேரமும் இவையே. உடனே வடியுங்கள். கலங்கலாக வந்தால் தாளை மாற்றித் திரும்பவும் வடிக்க வேண்டும். கிட்டில் உள்ள வலிய அமிலம் தப்பி வந்த துணிக்கையையும் கரைத்து அளவைக் கூட்டிக் காட்டும்.

படி 3: நிறம் பார்த்தல்

வடித்ததில் 1 மில்லிலீற்றரை 500 மில்லிலீற்றர் பற்றரி வோட்டரில் கலந்து கிட்டால் சோதியுங்கள். கரைந்த பொசுபேற்று கூடக்கூட நிறம் கடுமையாகும். ஐதாக்காவிட்டால் நிறம் கிட்டின் நிற அட்டையைத் தாண்டிப் போய்விடும். வெறும் அமிலத்தையும் இதே அளவு ஐதாக்கி ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். நுண்தூளின் நிறம் கடுமையாக இருக்க வேண்டும்: விட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால், அதே 1 கிராமின் மேற்பரப்பு பத்து மடங்காகும்.

வித்தியாசம் எதிர்பார்த்ததைவிடக் குறைவா? நுண்தூளின் நிறத்தைப் பாருங்கள். சிவந்திருந்தால் இரும்பொட்சைட்டும் களியும் அதில் சேர்ந்திருக்கின்றன, 1 கிராமில் அப்பத்தைற்று அவ்வளவுக்குக் குறைவு.

மிஞ்சிய தூளைக் கொழும்புப் பக்கத்து அமிலச் செம்மண் நிரப்பிய சாடியில் தூவலாம். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் சுண்ணக்கல் மேல் கிடக்கும் மண்ணுக்கு இதைக் கொண்டுபோக நான் சொல்லமாட்டேன். கரைக்க அங்கே அமிலம் இல்லை, எவ்வளவு அரைத்தாலும் அந்தக் குறை தீராது.