கஸ்ஸியிலிருந்து ஆன்-வோ வரை: கலாங்க் பாதைகளில் நடப்பது எப்படி

தெற்குப் பிரான்சின் மார்செய் நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், கஸ்ஸிக்கு. பெயர்ப்பலகையில் கடைசியில் ஒரு 'ஸ்' இருக்கும், ஆனால் ஊர்க்காரர்கள் அதை உச்சரிப்பதில்லை. இந்தச் சிறு துறைமுக ஊருக்கு மேற்கே, வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே கடல் விரல் விரலாக உள்ளே நுழைந்திருக்கிறது. அந்த ஒவ்வொரு விரலுக்கும் 'கலாங்க்' என்று பெயர். கஸ்ஸியிலிருந்து வரிசையாகப் போர்-மியூ, போர்-பான், ஆன்-வோ.

இவை ஒரு காலத்தில் நிலத்துப் பள்ளத்தாக்குகள். பனியுகத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது பள்ளத்தாக்குகளின் அடிப்பகுதி மூழ்கிவிட்டது. மேற்கே மோர்ஜியூ முனையில் முக்குளிப்பவர் ஒருவர் 1985-இல் ஒரு குகையைக் கண்டுபிடித்தார். அதன் வாசல் இப்போது கடலுக்கு 37 மீட்டர் அடியில் இருக்கிறது, உள்ளே சுவரெல்லாம் ஆதிமனிதர் வரைந்த ஓவியங்கள். அவர்கள் கால் நனையாமல் நடந்து போன வாசல் அது.

நடப்பவருக்கு இந்த வரலாறு ஏன் வேண்டும்? மூழ்கிய பள்ளத்தாக்குகள் என்பதால், ஒரு கலாங்கிலிருந்து அடுத்ததற்குக் கரையோரமாகவே போய்விட முடியாது. நடுவிலுள்ள மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கியே ஆகவேண்டும். வரைபடத்தில் 'இவ்வளவு பக்கத்திலா!' என்று தோன்றும் தூரம் இங்கே ஏமாற்றும். கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஏற்ற இறக்கத்தையும் கல்லையும் வைத்துப் போடுங்கள். துறைமுகத்திலிருந்து ஆன்-வோ கடற்கரைக்குப் போக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், திரும்ப அதே அளவு அல்லது சற்றுக் கூடுதல். நடுவில் உட்காரும் நேரத்தையும் சேர்த்து அரை நாளுக்கு மேல் ஒதுக்குங்கள்.

முதல் நாள் மாலை பார்க்க வேண்டியது

இந்தப் பகுதி 2012 முதல் தேசியப் பூங்கா. ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை, காட்டுத்தீ அபாயத்தைப் பொறுத்து மாவட்ட நிர்வாகம் தினமும் பாதைகளைத் திறக்கும் அல்லது மூடும். மறுநாளைக்கான நிலவரம் முந்தைய நாள் மாலை 6 மணி வாக்கில் வெளியாகும். பூங்காவின் 'மே கலாங்க்' என்ற ஆப்பிலும் பார்க்கலாம். சிவப்பு என்றால் மூடல், அதற்கு மேல் பேச்சில்லை. மீறினால் 135 யூரோ அபராதம். வானம் தெளிவாக, காற்று மட்டும் பலமாக அடிக்கும் நாளில்தான் பெரும்பாலும் மூடுவார்கள். 'வெயில் நன்றாக இருக்கிறதே, ஏன் மூடினார்கள்?' என்று கேட்பவர்கள், காய்ந்த பைன் ஊசிகளின் மேல் அந்தக் காற்று ஒரு தீப்பொறியை எவ்வளவு வேகமாக இழுத்துப் போகும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். கோடையில் இந்த ஒரு நடைக்காகவே வருவதாக இருந்தால், கையில் இரண்டு நாள் வைத்துக்கொண்டு வாருங்கள்.

புகைபிடிப்பது, நெருப்பு மூட்டுவது, கூடாரம் போட்டுத் தங்குவது, ட்ரோன் பறக்கவிடுவது எல்லாமே தடை. மார்செய் பக்கம் இருக்கும் சுஜிதோன் கலாங்குக்குக் கோடை உச்சத்தில் முன்பதிவு வேண்டும். 2022-இல் வந்த ஏற்பாடு இது: கட்டணமில்லை, நாளொன்றுக்கு 400 பேருக்கு அனுமதி. கஸ்ஸி பக்கத்துப் பாதைகளுக்கு அந்த முன்பதிவு தேவையில்லை.

மார்ச் முதல் மே வரையும், அக்டோபரிலும் நடப்பதுதான் சுகம். இலையுதிர் காலத்தில் திடீரென்று கொட்டித் தீர்க்கும் மழை உண்டு. மழை பெய்த மறுநாள் ஆன்-வோ இறக்கத்துக்குப் போகாதீர்கள், போர்-பானோடு திரும்பிவிடுங்கள்.

பையிலும் காலிலும்

போர்-மியூவைத் தாண்டினால் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கடையும் இல்லை, கழிப்பறையும் இல்லை. கோடையில் ஆளுக்கு 2 முதல் 3 லிட்டர், மற்ற மாதங்களில் ஒன்றரை லிட்டர் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பாறை வெயிலை அப்படியே முகத்தில் திருப்பி அடிக்கும், அதனால் தொப்பியோடு குளிர்கண்ணாடியும் அவசியம்.

ஷூவின் அடிப்பாகம் ஆழமான பள்ளங்களோடு, கல்லைப் பிடிக்கும் மென்மையான ரப்பராக இருக்கட்டும். தேய்ந்த ஷூவும் செருப்பும்தான் இங்கே கணுக்காலை உடைக்கின்றன. முழுநீள பேண்ட் போட்டால் நல்லது. பாதையோரத்துக் குட்டை ஓக் புதரின் இலை விளிம்பெல்லாம் முள், கெண்டைக்காலைக் கீறிவிடும்.

பாதை

ரயில் நிலையம் ஊருக்கு மேலே, துறைமுகத்திலிருந்து 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. உள்ளூர் பஸ்ஸில் கீழே வந்து, சக்தியை நடைக்கு மிச்சம் பிடியுங்கள். காரில் வருபவர்கள் ஊருக்குள் இடம் தேடி அலையாமல், வெளியே கோர்கெத் பார்க்கிங்கில் விட்டுவிட்டு அங்கிருந்து ஓடும் சிற்றுந்தில் வருவது உத்தமம்.

துறைமுகத்திலிருந்து மேற்கே பெஸ்துவான் கடற்கரையைக் கடந்து, வீடுகளுக்கு இடையே தார்ச்சாலையில் அரை மணி நேரம் நடந்தால் போர்-மியூ. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்தக் கலாங்க் முழுக்கப் பாய்மரப் படகுகள் கட்டிக் கிடக்கும். பாதை அகலம், ஏற்றம் குறைவு. பழைய கல்குவாரியின் வெட்டுமுகங்கள் பக்கத்திலேயே தெரியும், கஸ்ஸிக் கல்லை இங்கிருந்துதான் கப்பலேற்றினார்கள். சின்னக் குழந்தைகளோடு வந்தவர்களுக்கு இதுவரை வந்து, முனையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவதே நிறைவான நடை.

இங்கிருந்து சிவப்பு-வெள்ளைக் கோடுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நெடுந்தூர நடைபாதையின் குறி அது. பாறையிலோ மரத்திலோ ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு கோடு இருந்தால் சரியான வழி, அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது. பத்து நிமிடமாகக் குறியே கண்ணில் படவில்லை என்றால் நீங்கள் வழி தவறிவிட்டீர்கள் என்று பொருள். முன்னால் தேடாதீர்கள், கடைசியாகப் பார்த்த குறிக்கே திரும்பிப் போங்கள். குறுக்கு வழி என்று தோன்றுவதெல்லாம் பாறை விளிம்பில் போய் முடியும்.

ஒரு மேடு ஏறி இறங்கினால் போர்-பான். கடல் வரைக்கும் பைன் மரங்கள் இறங்கி வந்திருக்கும். நல்ல நிழல், சின்னக் கடற்கரை. இங்கே உட்கார்ந்து தண்ணீரை அளந்து பாருங்கள். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தால் ஆன்-வோவை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகு கதெய்ரோன் மேட்டுக்கு ஏற்றம். மேட்டின் விளிம்பிலிருந்து ஆன்-வோவைக் கீழே பார்க்கலாம்: இரு பக்கமும் செங்குத்தான வெள்ளைச் சுவர்கள், அடியில் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். படங்களில் பார்க்கும் காட்சி இதுதான். இதைப் பார்க்கக் கீழே இறங்க வேண்டியதில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் இங்கேயே நின்று கண் குளிரப் பார்த்துவிட்டுத் திரும்பினால் எந்த இழப்பும் இல்லை.

ஆன்-வோ இறக்கம்

சுமார் இருபது நிமிடம்தான், ஆனால் விபத்து நடப்பது பெரும்பாலும் இங்கேதான். காரணம் கல்லின் பளபளப்பு. சுண்ணாம்புக்கல் எளிதில் மெருகேறும். பல தலைமுறைக் கால்கள் ஒரே இடத்தில் மிதித்து மிதித்து அதைச் சோப்புக்கட்டி போல வழவழப்பாக்கிவிட்டன. எனவே எல்லோரும் மிதிக்கும் படியில் மிதிக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி, சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருக்கும் கல்லில் வையுங்கள். பளபளக்கும் பாறை மேல் சரளைக்கல் சிதறிக் கிடந்தால் அது கோலிக்குண்டின் மேல் கால் வைத்த மாதிரிதான், காலால் ஒதுக்கிவிட்டு மிதியுங்கள்.

வாக்கிங் ஸ்டிக்கை மடித்துப் பைக்குள் போடுங்கள். இங்கே கை இரண்டும் பாறையைப் பிடிக்க வேண்டும். உயரமான படிகளில் கடலுக்கு முதுகு காட்டி, பாறையைப் பார்த்தபடி ஏணியில் இறங்குவது போல இறங்குங்கள். இரண்டு கை, இரண்டு கால் ஆக நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கட்டும். முன்னால் போகிறவருக்கு நேர் மேலே நிற்காதீர்கள், நீங்கள் உருட்டும் கல் அவர் தலையில்தான் விழும்.

திரும்பி வரும்போது இதே சுவர் உச்சி வெயிலில் ஏற்றமாகக் காத்திருக்கும். கடைசி ஒரு லிட்டர் தண்ணீரை அதற்கென்று தொடாமல் வையுங்கள். படகில் திரும்பிவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். கஸ்ஸியிலிருந்து வரும் சுற்றுலாப் படகுகள் கலாங்குகளுக்குள் வந்து சுற்றிப் போகுமே தவிர, பொதுவாக ஆளை இறக்குவதும் ஏற்றுவதும் இல்லை.

கூழாங்கல் கரையில் இறங்கியதும் வியர்வையோடு தண்ணீரில் குதிக்கத் தோன்றும். முதலில் கை வைத்துப் பாருங்கள். வடமேற்கிலிருந்து மிஸ்த்ரால் காற்று அடித்தால், மேல்பரப்பின் வெதுவெதுப்பான நீரை வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும், அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்துவிடும். நேற்று இதமாக இருந்த கடல் இன்று ஆகஸ்டிலும் பல்லைக் கிட்டவைக்கும். காலை நனைத்து, மார்பில் தெளித்து, மெதுவாக இறங்குங்கள்.

அடிபட்டால் 112. பள்ளத்தாக்கின் அடியில் சிக்னல் கிடைக்காமல் போகலாம், கிடைக்கும் இடம் வரை ஒருவர் ஏற வேண்டியிருக்கும். அதனால் தனியாக இறங்க வேண்டாம். கலாங்கின் பெயரையும் கடைசியாகக் கடந்த வழிகாட்டிப் பலகையையும் சொன்னால் மீட்புக் குழு சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

கிழக்கே காப் கனாய்

மேற்கே வெள்ளைக் கல் என்றால், ஊருக்குக் கிழக்கே செம்மண் நிறத்தில் நிற்கும் காப் கனாய் முற்றிலும் வேறு பாறை. இந்தப் பாறைத்தொடரின் உச்சி 394 மீட்டர், பிரான்சின் மிக உயரமான கடற்பாறைகளில் ஒன்று. ஊரிலிருந்து கொல் கணவாய் வழியாக ஏறி, விளிம்பையொட்டியே லா சியோத்தா என்ற ஊர் வரை நடக்கலாம். நான்கைந்து மணி நேரம் வேண்டும்.

இங்கே கல் வழுக்குவதைவிட உதிர்வதே ஆபத்து. கூழாங்கற்களும் மணலும் இறுகிச் சேர்ந்த பாறை இது, விளிம்பு பல இடங்களில் கீழே தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். நிற்பவருக்கு அது தெரியாது. படம் எடுக்கும்போதும் விளிம்பிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளியே நில்லுங்கள். மிஸ்த்ரால் அடிக்கும் நாளில் இந்த நடையே வேண்டாம், பலத்த காற்றுக்கு மேலே ஓடும் மலைச்சாலையையே மூடிவிடுவார்கள். லா சியோத்தாவிலும் ரயில் நிலையம் துறைமுகத்திலிருந்து வெகுதூரம். கஸ்ஸியில் கிளம்பும் முன்பே அங்கே நிலையத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸின் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.