வாட்டைக் கேட்டு லேசர் மெஷின் வாங்காதீர்கள்

போன வாரம் களியக்காவிளையிலிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தான். சிரட்டையில் கரண்டி, கிண்ணம் எல்லாம் செய்து பாறசாலைப் பக்கம் கடைகளுக்குப் போடுகிறவன். அதில் பேர் அடிக்க லேசர் மார்க்கிங் மெஷின் வாங்கப் போகிறானாம். முதல் கேள்வியே, "அண்ணே, 30 வாட் போதுமா, 50 எடுக்கணுமா?" நானும் மெஷின் வாங்கிய காலத்தில் இதே கேள்வியோடுதான் போனேன். அதனால்தான் எழுதுகிறேன். பில் வாங்குவது, வாரண்டி பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

வாட்டை மட்டும் பார்ப்பது

மார்த்தாண்டத்தில் எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பேர் வெட்டிக் கொடுப்பது என் தொழில். கை மெஷினை விட்டு ஃபைபர் லேசருக்கு மாறியபோது விற்றவர் சொன்னார்: "50 வாட் சார், எதை வைத்தாலும் அடிக்கும்." பாத்திரத்தில் அருமையாகத்தான் அடித்தது. அந்தத் தைரியத்தில் ஒரு கல்யாண வீட்டில் 200 அக்ரிலிக் சாவிக்கொத்துக்கு ஆர்டர் பிடித்தேன். கண்ணாடி மாதிரி தெளிந்த அக்ரிலிக். முதல் துண்டை வைத்துப் பெடலை மிதித்தேன். மெஷின் டிர்ரென்று ஓடி நின்றது. துண்டை எடுத்துப் பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. அடியில் இருந்த கறுப்பு அலுமினியப் பலகையில் பொண்ணு மாப்பிள்ளை பேர் இரண்டும் வெள்ளை வெளேரென்று பதிந்திருந்தது. பவரை ஏற்றினேன், வேகத்தைக் குறைத்தேன். பலகையில்தான் எழுத்து இன்னும் ஆழமாக விழுந்தது.

இதற்கும் வாட்டுக்கும் சம்பந்தமில்லை. எல்லாம் அலைநீளம். ஃபைபர் லேசரின் ஒளி 1,064 நானோமீட்டர். தெளிந்த அக்ரிலிக்கும் கண்ணாடியும் அதைத் தடுக்காமல் உள்ளே விட்டுவிடும். ஒளியைப் பொருள் உறிஞ்சினால்தான் சூடு பிறக்கும், சூடு பிறந்தால்தான் எழுத்து விழும். சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு வாயு) லேசர் 10,600 நானோமீட்டர். அக்ரிலிக், மரம், சிரட்டை, தோல், கண்ணாடி எல்லாம் அதை மேல்பரப்பிலேயே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் பளபளக்கும் உலோகம் அதைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். அந்த சிஓ2 லேசரை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தில் பிறந்த குமார் படேல். நம் ஊர்ப் பயல்களிடம் இதைச் சொல்வதில் எனக்குத் தனி சந்தோஷம் உண்டு. மூன்றாவது வகை 355 நானோமீட்டர் யூவி (புறஊதா) லேசர். வெள்ளை சுவிட்ச், மருந்து டப்பா போலச் சூடு தாங்காத பிளாஸ்டிக்குக்கு அதுதான் சரி. விலைதான் இடிக்கும்.

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். வெட்டி வைத்த அக்ரிலிக் அத்தனையும் மூலையில் கிடந்தது. விற்றவருக்குப் போன் போட்டால், "நீங்க பாத்திரம்னுதானே சார் சொன்னீங்க" என்றார். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. 'வேறு என்னென்ன அடிப்பீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். எத்தனையோ பேர் இதே பள்ளத்தில் விழுந்து என் கடைக்கு வந்து நின்றிருக்கிறார்கள். ஷோரூமில் அவர்கள் எடுத்து வைக்கும் சாம்பிள் எல்லாம் நன்றாக வருகிற சாம்பிள்தான். வீட்டிலிருந்து உங்கள் பொருளை ஒரு பை நிறைய எடுத்துப் போங்கள். உங்கள் கண் முன்னால் அடித்துக் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

ரெக்சின், பிவிசி

எந்த லேசரிலும் வைக்காதீர்கள். வருகிற ஹைட்ரஜன் குளோரைடு புகை நெஞ்சுக்கும் கேடு, மெஷினையும் அரித்துவிடும்.

பெரிய லென்ஸ் ஆசை

110 மில்லிமீட்டர் பரப்பில் அடிக்கும் லென்ஸ் இருந்தால் பாத்திரப் பேருக்குத் தாராளம். 300 எடுத்தால் ஒளிப்புள்ளி பெரிதாகிவிடும், எழுத்தின் கூர்மை போய்விடும்.

ஸ்டீலில் கறுப்பாக எழுதுவது

கறுப்பு எழுத்து பார்க்க அழகு. மெதுவாகச் சூடேற்றி மேலே ஆக்சைடு படலம் வரவைப்பதுதான் அது. சூடு கூடிப்போனால் துரு பிடிக்காமல் ஸ்டீலைக் காக்கும் குரோமியப் படலம் அந்த இடத்தில் கெட்டுவிடும். குளச்சலில் ஒரு அக்கா வாங்கிப்போன குடத்தை மூன்று மாதத்தில் திரும்பக் கொண்டுவந்தார். எழுத்தைச் சுற்றி மட்டும் செம்மண் நிறத்தில் துரு, விரலால் தேய்த்தால் விரலில் ஒட்டியது. உப்புக் காற்று அடிக்கிற ஊர். அதற்குப் பிறகு புது செட்டிங் எதுவானாலும் ஒரு துண்டில் அடித்து, உப்புத் தண்ணீரில் ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தில் கைவைக்கிறேன்.

ஃபைபருக்கும் சிஓ2-வுக்கும் ஒரே பாதுகாப்புக் கண்ணாடி

கூடவே கூடாது. சிஓ2-வுக்குப் போடும் தெளிந்த கண்ணாடி ஃபைபர் ஒளியை அப்படியே உள்ளே விடும். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, நேரே விழித்திரையைச் சுடும்.

இடவப்பாதியில் சில்லர்

சில்லர் என்பது லேசர் குழாய்க்கு ஓடும் தண்ணீரைக் குளிர வைக்கும் பெட்டி. கண்ணாடிக் குழாய் வைத்த சிஓ2 மெஷினுக்குத் தண்ணீரை ரொம்பக் குளிர வைக்காதீர்கள். இடவப்பாதி மழைக்கால ஈரத்தில் குழாய் வியர்க்கும், மின்முனையில் தீப்பொறி பறக்கும்.

அப்புறம், அந்தத் தம்பி மறுநாள் ஒரு பை நிறையச் சிரட்டையோடு வந்தான். நாகர்கோவிலில் தெரிந்தவர் ஒருவரின் சிஓ2 மெஷினில் அடித்துப் பார்த்தோம். நடு எழுத்து கூர்மையாக விழுந்தது, சிரட்டை வளைகிற ஓரத்தில் மங்கிவிட்டது. சின்ன எழுத்தாக நடுவில் வைத்து மறுபடி அடித்தோம். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த அளவுதாண்ணே கடையில கேக்காங்க" என்றான்.