பழைய மரபைப் போற்றும் முஸ்லிம் அரசு: புனைவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இஸ்லாத்தைத் தழுவிய ஓர் இடைக்காலச் சமூகம், அதற்கு முந்தைய தன் மரபையும் பெருமையாகக் கொண்டாடினால் எப்படி இருக்கும்? மாற்று வரலாறு எழுதுவோருக்கு அருமையான கரு இது. ஆனால் மன்னன் பகலில் தொழுகைக்கு நிற்பதுபோல் நடிப்பான், இரவில் ரகசியமாகப் பழைய கோயிலில் விளக்கேற்றுவான் என்று தொடங்கினால் கரு அங்கேயே வீணாகிவிடும்.

அந்த இரட்டை வேடத்துக்கு அவசியமே இல்லை. பத்தாம் நூற்றாண்டு ஈரானை ஆண்ட புவைஹி வம்ச அரசர் அளுதுத் தவ்லாவைப் பாருங்கள். ஷியா முஸ்லிம், ஷியாக்களின் புனித நகரான நஜஃபில் அடக்கமானவர். அவரே, இஸ்லாத்துக்கு முன் ஈரானை ஆண்ட சாசானியப் பேரரசர்களின் 'ஷாஹன்ஷா' (மன்னர் மன்னன்) பட்டத்தையும் சூடிக்கொண்டார். 955இல் பண்டைய பாரசீகத் தலைநகரான பெர்செபொலிஸின் இடிபாடுகளுக்குப் போனவர், அங்கிருந்த பழைய கல்வெட்டுகளைக் காஸரூன் ஊரைச் சேர்ந்த, ஈரானின் பழைய சமயமான ஜொராஸ்டிரியத்தின் குரு ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். தான் வந்து படிக்கக் கேட்டதை அரபியில் அதே இடத்தில் பொறிக்கவும் செய்தார். எல்லாம் வெளிப்படையாக நடந்தது.

அடுத்த தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நமக்குத் தெரிந்த தொல்லியலை அந்தக் காலத்தவர் வாயில் திணிப்பது. அந்தக் குரு படித்தது சாசானியர் காலத்துப் பஹ்லவி எழுத்து. அதைவிடப் பழைய ஆப்பெழுத்தைப் படிக்க 19ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. எனவே, பண்டைய பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸைச் சொல்லி, உங்கள் கதாநாயகன் "நான் சைரஸின் வாரிசு" என்று முழங்க முடியாது. சைரஸின் கல்லறையையே மக்கள் சுலைமான் நபியின் தாயார் கல்லறை என்று சொல்லிவந்தார்கள். பெர்செபொலிஸ் அவர்களுக்குப் புராண மன்னன் ஜம்ஷீதின் அரண்மனை. எகிப்திலும் பிரமிடுகளைக் கட்டியவர் ஹெர்மிஸ் என்ற பழங்கால ஞானி என்றும், அவரே இத்ரீஸ் நபி என்றும் ஒரு மரபு இருந்தது. வரலாறாக இது பிழைதான். ஆனால் பழைய கல்லைப் புதிய நம்பிக்கைக்குள் கொண்டுவந்த வழியும் இதுவே. கதைக்கு உயிர் இங்கேதான் இருக்கிறது, இதைத் திருத்திவிடாதீர்கள்.

உலமாக்களை (மார்க்க அறிஞர்களை) ஒட்டுமொத்த வில்லன்களாக்குவதும் வேண்டாம். 13ஆம் நூற்றாண்டு எகிப்தில் அபூ ஜஅஃபர் அல்-இத்ரீசி, நபித்தோழர்களே பிரமிடுகளைத் தொடாமல் விட்டார்கள் என்று அவற்றுக்காக வாதாடினார். அடுத்த நூற்றாண்டில் ஒரு சூஃபி ஸ்பிங்க்ஸின் முகத்தைச் சிதைத்ததாக வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார். இத்ரீசி, அந்த சூஃபி இருவருமே இஸ்லாத்துக்குள் நின்றவர்கள்தான். புவைஹிகள் தங்களைச் சாசானிய மன்னர் பஹ்ராம் கோரின் வழிவந்தவர்கள் என்று சொன்னபோது அறிஞர் அல்-பீரூனி ஏற்காததற்குக் காரணம் மதம் அல்ல. வம்சாவளி நம்பும்படி இல்லை.

மரபு என்றாலே சிலையும் பூசையும் என்று நினைக்க வேண்டாம். ஈரானியப் புத்தாண்டான நவ்ரூஸ் நிலவரி வசூலோடு பிணைந்த நாள். பயிர் விளையும் முன்பே வரி கேட்கும் நிலை வந்ததால் 895இல் கலீஃபா அல்-முஃததித் வசூல் நாளை ஜூனுக்குத் தள்ளிவைத்தார். விழாவை எழுதும்போது வரிக் கணக்கரையும் எழுதுங்கள்.

கடைசியாக, பழைய சமயத்தில் இன்னும் இருந்தவர்களை மறந்துவிடாதீர்கள். அளுதுத் தவ்லா காலத்துப் பார்ஸ் மாகாணத்தில் நெருப்புக் கோயில்கள் எரிந்துகொண்டுதான் இருந்தன. தன் முன்னோரின் பட்டத்தை அரசர் சூடிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே, முஸ்லிம் அல்லாதோருக்கான ஜிஸ்யா வரி கட்டிய ஒரு ஜொராஸ்டிரியர் என்ன நினைத்திருப்பார்? அவருக்கும் ஒரு அத்தியாயம் கொடுங்கள்.