தலைக்கு ஒரு சொல், தாடிக்கு ஒரு சொல்

பினாங்கு லெபோ பாசாரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். மூன்று நாற்காலிதான். தலையைப் பிடித்துவிடச் சொல்லி ரஷ்யா, போலந்து, செக் நாட்டுப் பயணிகளும் வந்து உட்காருவார்கள். அவர்களுக்காக ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் தலை, தாடி என்ற இரண்டு சொற்களை மட்டும் அவரவர் மொழியில் எழுதிவைத்திருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வரும் தம்பிமார்களுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில் எந்த நாடு என்று கேட்டுவிட வேண்டும். முகத்தைப் பார்த்து ஊகித்தால் பாதி நாள் தப்பாகும்.

ரஷ்யரென்றால் 'கலவா', 'பரதா'. எழுதுவது கொலொவா, பொரொதா என்றுதான். பேசும்போது முன்னிரண்டு ஒகரமும் மங்கிவிடும், அழுத்தம் கடைசியில் விழும். க-வைக் கங்கையில் வருவது போலவும், ப-வைப் பயத்தில் வருவது போலவும், த-வைத் தர்மத்தில் வருவது போலவும் ஒலிக்க வேண்டும். நம் எழுத்து இந்த இடத்தில் கைகொடுக்காது.

போலந்துக்காரரிடம் முதல் உயிரொலி காணாமல் போய்விடும்: 'க்வோவா', 'ப்ரோதா'. அந்தச் சொல்லில் வரும் லகரத்தை அவர்கள் உதட்டைக் குவித்து வகரம் போலச் சொல்வதால்தான் அந்த 'க்வோ'. செர்பியர், குரோஷியர், பல்கேரியர் எல்லாருக்கும் 'க்லவா', 'ப்ரதா'. ஆக, ரஷ்யனில் ஒலொ, ஒரொ. போலந்தில் லோ, ரோ. தெற்கே ல, ர. இந்தக் கணக்கு பசுவுக்கும் பொருந்தும்: கரோவா, க்ரோவா, க்ரவா. எல்லாம் ஒரே பழஞ்சொல்லின் பிள்ளைகள். ஒன்றுவிட்ட உறவான லித்துவேனிய மொழியோ 'கல்வா' என்று பழைய வரிசையை விடாமல் வைத்திருக்கிறது.

செக், ஸ்லோவாக், உக்ரைன் மொழிகளில் கங்கையின் க ஹகரமாகிவிடும்: 'ஹ்லவா', 'ஹொலொவா'. பிராக் நகரத்து வாடிக்கையாளர் ஒருவர் தன் ஊரை 'ஹ்லவ்னீ ம்ஞெஸ்தோ' என்றார். பிரித்துக் கேட்டால் நம் தலைநகரம்தான்! அன்று அவருக்கு எண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

அவரிடமே தவறும் செய்தேன். 'ப்ரதா?' என்று கேட்டேன். மோவாயைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினார். சம்மதம் என்று நினைத்து டிரிம்மரைக் கொண்டுபோனேன். பதறிப்போய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். செக்கில் ப்ரதா என்றால் மோவாய். முகத்து மயிருக்கு 'வோவ்ஸி' என்று வேறு சொல் இருக்கிறது. அன்றே பின்னட்டையில் செக் வரியை அடித்துத் திருத்தினேன். போலந்துக்காரருக்கும் செர்பியருக்கும் ஸ்லோவாக்கியருக்கும் மோவாய், தாடி இரண்டுக்கும் ஒரே சொல்தான் என்பதால், அவர்களிடம் கேட்கும்போது சீப்பை முதலில் தாடியில் வைத்துவிட்டு அப்புறம் வாயைத் திற என்று தம்பிமார்களிடம் சொல்லியிருக்கிறேன்.